கழியிலிருந்து பாருக்கு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், ஆந்திர எல்லையைத் தொட்டுக்கொண்டு பழவேற்காடு இருக்கிறது. மேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள்; கிழக்கே வங்காள விரிகுடா; இரண்டிற்கும் நடுவே உப்பங்கழி. விடியற்பொழுதில் இவ்வூர்க் கரையில் இருவகைப் படகுகள் வந்து சேரும். கழியில் வலை விரித்துவிட்டு வருபவை ஒருவகை. முகத்துவாரத்தைக் கடந்து கடலுக்குப் போய்த் திரும்புபவை மற்றொருவகை. இரண்டின் மீன்களும் ஒரே மணலில், ஒரே ஏலக் குரலுக்குக் கீழே கூடை கூடையாக வைக்கப்படுகின்றன.

கழிக் கூடையில், இறாலுக்கும் மடவைக்கும் இடையே, உள்ளங்கை நீளமே உள்ள மீன் ஒன்று கிடப்பதுண்டு. மஞ்சள் கலந்த வெள்ளி நிறம். முதுகின் பின்பாதியில், மையில் தோய்த்த கட்டைவிரலை ஒற்றி எடுத்ததுபோல் ஒரு கரும்பொட்டு. கடற்கூடையில் கிடப்பதோ முழநீளத்திற்கும் மேற்பட்டது. செம்பும் பொன்னும் கலந்த மேனி. தாடையின் முன்புறத்தில் நாயின் கோரைப்பல்லை நினைவூட்டும் பற்கள். கரும்பொட்டு மங்கியிருக்கும், சிலவற்றில் அறவே இராது. மீன் வாங்க வருபவர் இவற்றை இருவேறு மீன்கள் என்றே கொள்வார். விலை வேறு, உருவம் வேறு, பிடிபட்ட நீரும் வேறு. ஆயினும் இரண்டும் ஒரே சிற்றினத்தின் இளமையும் முதுமையுமாக இருத்தல் கூடும். அச்சிற்றினத்தை அறிவியல் 'லுட்ஜானஸ் ஜானி' என்று குறிக்கிறது. வெப்பமண்டலப் பவளப்பாறை மீன்களைப் பற்றிய நூல்களில் தவறாமல் இடம்பெறும் மீன் இது. பவளப்பாறையே இல்லாத ஒரு கரையில் இது கிடைப்பதும், பவளப்பாறையே இல்லாத மற்றொரு தமிழ்க் கரையிலிருந்துதான் இதற்கு இப்பெயர் கிடைத்தது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

கடைத்தெருவில் இதற்குச் 'சங்கரா' என்று பெயர். அப்பெயர் இந்த ஒரு மீனுக்கு மட்டும் உரியதன்று. செந்நிறமோ இளஞ்சிவப்பு நிறமோ உடைய பல மீன்கள் அதில் அடங்கும். வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த சிறிய இளஞ்சிவப்பு மீன்களும் சங்கரா என்றே விற்கப்படுகின்றன. இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. குழம்புக்கு மீன் வாங்குபவருக்கு அவ்வளவு வேறுபாடு போதும். கடலோடிகளின் பெயரிடும் முறையோ இதனினும் நுட்பமானது. அவர்கள் கடலடியில் கல்லும் பாறையும் எழும்பியுள்ள இடத்தைப் 'பார்' என்பர். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் திட்டுகளுக்கும் அதே சொல்தான். எம்மீன் பாரில் கிடைக்கும், எது சேற்றுத் தரையில் கிடைக்கும், எது கழியில் கிடைக்கும் என்பதை வலையும் தூண்டிலும் அவர்களுக்குக் கற்பித்திருக்கின்றன. உயிரை அது வாழும் நிலத்தோடு சேர்த்தே அறிவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரம், பறவை, விலங்கு ஆகியவற்றைக் கருப்பொருளாக வகுத்த இலக்கணம் நெய்தலுக்குச் சுறாவைச் சுட்டியது. வாழிடம் இன்றி உயிர் இல்லை என்ற எண்ணம் அதனுள் பொதிந்திருக்கிறது.

ஐரோப்பியர் மீனை அறிந்த வழி வேறு. அதைக் காணப் பழவேற்காட்டிலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்ல வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்திற்கு அப்பால் தரங்கம்பாடி உள்ளது. 1620ஆம் ஆண்டில் டேனிஷ்காரர்கள் தஞ்சை நாயக்கரிடம் இசைவு பெற்றுக் கோட்டை எழுப்பிய ஊர் அது. 1706இல் சீகன்பால்கு அங்கு வந்திறங்கித் தமிழ் கற்றதும், அச்சுக்கூடம் நிறுவியதும், 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியதும் உரைநடை வரலாற்றில் படித்தறிந்த செய்திகள். அந்த மறைப்பணி வரிசையில் பின்னர் வந்தவர் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான். 1747இல் பிறந்த அவர் 1771இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1813இல் அங்கேயே மறைந்தார். நாற்பதாண்டுகளுக்கு மேல் அக்கரையில் வாழ்ந்த அவருக்குப் பள்ளிகளை நடத்துவதில் இருந்த ஈடுபாடு சங்கு, சிப்பி, மீன் ஆகியவற்றைச் சேகரிப்பதிலும் இருந்தது.

அவர் சேகரித்த மீன்கள் பெர்லின் நகருக்குச் சென்றன. அவற்றைப் பெற்றவர் மார்க்கஸ் எலீசர் பிளோக் என்னும் மருத்துவர். இவரைப் பற்றிச் சிறிது கூறாமல் மேற்செல்ல இயலாது. 1723இல் ஆன்ஸ்பாக் நகரில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த பிளோக்கிற்குப் பத்தொன்பது வயதுவரை ஜெர்மன் மொழியும் தெரியாது, இலத்தீனும் தெரியாது. எபிரேயச் சமய நூல்களை மட்டுமே கற்றிருந்தார். ஹாம்பர்க் நகரில் ஒரு யூத மருத்துவரின் இல்லத்தில் பணியாற்றியபோதுதான் அம்மொழிகளையும் மருத்துவத்தின் தொடக்கப் பாடங்களையும் பயின்றார். அத்தகையவர் பிற்காலத்தில் 1782 முதல் 1795 வரை மீன்களைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் 432 வண்ணப் படங்கள் இடம்பெற்றன. ஜெர்மனியின் மீன்களுக்கு மூன்று தொகுதிகள். அயல்நாட்டு மீன்களுக்கு ஒன்பது தொகுதிகள். உயிரியலைப் படமாகவும் படிக்கலாம் என்று காட்டிய பெருநூல்களுள் அதுவும் ஒன்று.

அந்த அயல்நாட்டு மீன்களை அவர் உயிரோடு கண்டதில்லை. அக்காலத்தில் பிடித்த மீனைச் சாராயத்தில் ஊறவைத்து அனுப்புவார்கள். அல்லது ஒரு பக்கத்துத் தோலை உரித்து உலர்த்தித் தாளில் ஒட்டி அனுப்புவார்கள். கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐரோப்பாவை அடைய மாதங்கள் பல ஆகும். நீரிலிருந்து எடுத்த சில நிமிடங்களிலேயே மீனின் நிறம் மாறத் தொடங்கிவிடும். சாராயம் எஞ்சியதையும் வெளுக்கச் செய்துவிடும். பெர்லினில் குடுவை திறக்கப்படும்போது செம்பும் பொன்னும் போய்ப் பழுப்பேறிய ஓர் உடல் மட்டுமே கையில் இருக்கும். அதைப் பார்த்தே ஓவியர் வரைய வேண்டும். வண்ணம் தீட்டுபவர் தீட்ட வேண்டும். பிளோக் அதற்கு ஒரு பெயர் சூட்ட வேண்டும்.

1792இல் அவ்வாறு அவர் விவரித்த ஒரு மீனுக்கு அதனை அனுப்பியவரைச் சிறப்பிக்கும் வகையில் 'ஆந்தியாஸ் ஜானி' என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டில் கத்தாழை மீன்களின் பேரினம் ஒன்றுக்கு 'ஜானியஸ்' என்று பெயரிட்டு மீண்டும் அவரைப் போற்றினார். அப்பேரினத்து மீன் ஒன்றின் சிற்றினப் பெயர் 'கருத்தா' என்பது. இது இலத்தீன்போல் ஒலித்தாலும் தமிழ்தான். கடற்கரையில் மக்கள் வழங்கிய 'கறுத்த கத்தாழை' என்ற பெயரை ஜான் எழுதியனுப்ப, அதன் முற்பாதி அப்படியே அறிவியல் பெயராயிற்று. வலையில் அம்மீனைப் பிடித்தவரின் பெயர் எந்நூலிலும் இல்லை. அவர் வாயிலிருந்து பிறந்த ஒரு சொல் மட்டும் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்து அருங்காட்சியகங்களில் ஒட்டப்பட்ட சீட்டுகளில் நிலைத்திருக்கிறது.

ஆந்தியாஸ் ஜானி இன்று லுட்ஜானஸ் ஜானி ஆகிவிட்டது. லுட்ஜானஸ் என்ற பேரினப் பெயரையும் 1790இல் அமைத்தவர் பிளோக்தான். மலாய் மொழியில் இத்தகைய மீனுக்கு வழங்கும் 'லுட்ஜங்' என்ற சொல்லிலிருந்து அதனை ஆக்கினார். தாமே அமைத்த பேரினத்தில் சேர்க்க வேண்டிய மீனை அவர் வேறொன்றில் சேர்த்துவிட்டார். பின்வந்தோர் அதனை இடம் மாற்றினர். விலங்கியலில் இதற்கொரு நாகரிகமான வழக்கம் உண்டு. முதலில் பெயரிட்டவர் வைத்த பேரினத்திலேயே உயிரி இன்றும் இருந்தால் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறி இன்றி எழுதப்படும். பேரினம் மாறியிருந்தால் அவை அடைப்புக்குறிக்குள் செல்லும். இம்மீனின் முழுப்பெயர் லுட்ஜானஸ் ஜானி (பிளோக், 1792). திருத்தம் நேர்ந்ததை அந்த இரண்டு வளைகோடுகள் மறைக்காமல் சொல்லிவிடுகின்றன. முதலில் கண்டவரின் உரிமையும் பறிபோவதில்லை.

பிளோக் எவ்வளவு தூரம் தடுமாற நேர்ந்தது என்பதற்கு அதே 1792ஆம் ஆண்டில் அவர் பெயரிட்ட மற்றொரு மீன் சான்று. அதற்கும் அவர் ஆந்தியாஸ் என்ற பேரினப் பெயரையே கொடுத்தார். அது நம் குளங்களிலும் வயல்களிலும் வாழும் பனையேறிக் கெண்டை. நீர் வற்றினால் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டையைத் தேடிச் செல்லும் மீன் அது. தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்ற டேனிஷ் படை அலுவலர், 1791இல் பனைமரத்தின் தண்டில் ஈரம் தங்கிய பிளவு ஒன்றில் அதனைக் கண்டதாக எழுதிய குறிப்பு, 1797இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் இதழில் வெளிவந்து பெரும் வியப்பை ஏற்படுத்தியது. பாறை இடுக்கில் வாழும் கடல்மீனும் வயல் சேற்றில் வாழும் நன்னீர் மீனும் பெர்லினில் ஒரே பேரினமாயின! குடுவைக்குள் இருந்தவரை இரண்டும் முள் நிறைந்த முதுகுத்துடுப்புடைய பழுப்பு மீன்களே. வயலும் கடலும் குடுவையில் வருவதில்லை. தரங்கம்பாடி மீனவர் ஒருவர் அருகில் இருந்திருப்பாராயின், இவ்விரண்டையும் ஒரு கூடையில் இடவே சிரித்திருப்பார்.

எனினும் பிளோக்கின் வழியைத் தள்ளிவிட முடியாது. வாழிடத்தை மட்டும் அறிந்தவருக்குக் கழிமீனும் பார்மீனும் இருவேறு மீன்களாகவே தோன்றும். அவை ஒன்றெனக் காண உடலைத்தான் உற்றுநோக்க வேண்டும்.

லுட்ஜானஸ் பேரினத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் முதுகில் கரும்பொட்டு உடையவை பல. ஆகவே பொட்டைக் கண்டவுடன் பெயர் சொல்வது பிழையில் முடியும். பொட்டு எங்கே இருக்கிறது என்பதே முதற்கேள்வி. மீனின் செவுளுக்குப் பின்னிருந்து வால்வரை உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு ஒன்று உண்டு. அதனைப் பக்கக்கோடு என்பர். லுட்ஜானஸ் ஃபுல்விஃப்ளாமா என்ற உறவு மீனில் பொட்டு அக்கோட்டின்மேலேயே படிந்திருக்கும். உடலில் ஆறேழு மஞ்சள் வரிகள் நீளவாக்கில் ஓடும். ஜானியில் பொட்டின் பெரும்பகுதி பக்கக்கோட்டுக்கு மேலே அமையும். மஞ்சள் வரிகள் இரா. ஆனால் ஒவ்வொரு செதிலின் நடுவிலும் செம்பழுப்புப் புள்ளி ஒன்று இருப்பதால், சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் அப்புள்ளிகள் இணைந்து மெல்லிய கோடுகளாகத் தெரியும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மக்கள் பொட்டை வைத்தே இம்மீனுக்கு 'விரல்தடம்' என்று பொருள்படும் பெயரிட்டுள்ளனர்.

நிறம் ஏமாற்றும், வயதேற ஏறப் பொட்டும் கைவிடும். அப்போது நம்பத்தக்கது செதில்களின் வரிசை. முதுகுக்கும் பக்கக்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் செதில் வரிசைகள் எத்திசையில் செல்கின்றன என்று பார்க்க வேண்டும். கரும்பொட்டுச் சங்கராக்களுள் பலவற்றில் அவை வாலை நோக்கிச் செல்லச் செல்லச் சாய்வாக மேலேறும். ஜானியில் அவை பக்கக்கோட்டுக்கு இணையாகவே, உழவன் ஓட்டிய சால்கள்போல, ஒழுங்காக ஓடும். இதைக் காணக் கருவி ஏதும் தேவையில்லை. மீனை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடித்தால் போதும். பின்னர்த் துடுப்புகளை எண்ணலாம்: முதுகுத்துடுப்பில் பத்து முள்களும் பதின்மூன்று அல்லது பதினான்கு மென்கதிர்களும், குதத்துடுப்பில் மூன்று முள்களும் எட்டு மென்கதிர்களும். சாராயத்தில் நிறம் போனாலும் இவை போவதில்லை. உள்ளங்கை நீளக் கழிமீனிலும் முழநீளப் பார்மீனிலும் செதில் வரிசையும் முள் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்கும். பெர்லினில் அமர்ந்திருந்தவருக்கும் பழவேற்காட்டில் நிற்பவருக்கும் பொதுவான சான்று இதுதான்.

இத்தகைய உற்றுநோக்கல் முடிந்துபோன பணியுமன்று. 1780களில் விசாகப்பட்டினத்தில் வாழ்ந்த பேட்ரிக் ரஸல் என்ற மருத்துவர் அக்கரையின் இருநூறு மீன்களைத் தெலுங்குப் பெயர்களோடு நூலாக்கினார். அது 1803இல் வெளிவந்தது. அவர் நினைவாக மற்றொரு கரும்பொட்டுச் சங்கராவுக்கு 'ரஸ்ஸெல்லி' என்று 1849இல் பெயரிடப்பட்டது. இந்தியப் பெருங்கடலில் வாழும் அம்மீனும் பசிபிக் பெருங்கடலில் வாழும் அம்மீனும் ஒன்றென்றே நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் எழுதிவந்தனர். 2013இல்தான் அவை இரண்டென்று காட்டப்பட்டு, நம் கடலில் உள்ளதற்கு 'இண்டிகஸ்' என்ற தனிப்பெயர் கிடைத்தது. ஒவ்வொரு நாளும் ஏலத்தில் கைமாறிய மீனுக்கு அத்தனை காலம் சரியான பெயர் இல்லாதிருந்தது.

இனி, பிளோக்கின் குடுவைக்குள் வராத வாழிடத்தைக் காண்போம். ஜானி மீன் கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முதல் பிஜித் தீவுகள்வரை பரவியுள்ளது. முதிர்ந்த மீன்கள் பவளப்பாறைகளிலும் கடலடிக் கற்பார்களிலும் வாழ்கின்றன. ஆனால் பவளம் வளர வெதுவெதுப்பும் தெளிவும் உடைய நீர் வேண்டும். சோழமண்டலக் கரையின் வடபகுதியில் ஆறுகள் கொணரும் வண்டலால் நீர் கலங்கியே இருக்கும். ஆகவே திருவள்ளூர்க் கரைக்கு அப்பால் பவளத்திட்டு உருவாகவில்லை. பார்கள் உண்டு, அவையே இங்கு இம்மீனுக்குப் பவளப்பாறையின் இடத்தை நிரப்புகின்றன. தமிழ்நாட்டுக் கரையோரக் கடலில் கற்காரைக் கட்டமைப்புகளை இறக்கிச் செயற்கைப் பார்கள் அமைக்கும் முயற்சியும் இந்த அறிவிலிருந்து பிறந்ததே.

மீன்குஞ்சுகள் பாரில் வளர்வதில்லை. முட்டை கடலில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோட்டத்தில் மிதந்து, கழிமுகங்களையும் அலையாத்திக் காடுகளையும் அடைந்தவையே பிழைக்கின்றன. அங்கே வேர்களின் இடுக்குகள் பெரிய மீன்களிடமிருந்து அவற்றை மறைக்கின்றன. கலங்கல் நீரும் துணைசெய்கிறது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் இரையாகக் கிடைக்கின்றன. ஓரளவு வளர்ந்தபின் அவை கடலுக்குத் திரும்பிப் பாரைத் தேடிச் செல்கின்றன. ஒரே உயிருக்கு இரண்டு நிலங்கள். இரண்டிற்கும் இடையே ஒரு வழி. இளமையில் எடுப்பாகத் தெரியும் கரும்பொட்டு கழியை விட்டு அகன்றபின் மங்குவதும் இந்த வாழ்க்கை மாற்றத்தோடு சேர்ந்தே நிகழ்கிறது.

ஒரு மீன் எங்கெங்கு வாழ்ந்தது என்பதை எப்படி அறிவது? மீனே அதைக் குறித்து வைத்திருக்கிறது. அதன் தலைக்குள் செவிப்புலனுக்கும் உடற்சமநிலைக்கும் உதவும் சுண்ணாம்புக் கற்கள் உண்டு. அவை செவிக்கற்கள் எனப்படும். கத்தாழை மீனின் தலையில் கிடைக்கும் பெரிய வெண்கல்லைச் சமையலறையில் கண்டிருப்போர் பலர். மரத்தண்டில் ஆண்டுவளையம் படிவதுபோல் செவிக்கல்லிலும் படலம் படலமாக வளையங்கள் படிகின்றன. குஞ்சுப் பருவத்தில் நாளுக்கொன்றாகவே படியும். அவ்வளையங்களில் நீரிலுள்ள தனிமங்களும் சிறிதளவு கலக்கின்றன. கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் மிகுதி. ஆற்றுநீர் கலந்த இடத்தில் பேரியம் மிகுதி. கல்லை மெல்லிய சீவலாக அறுத்து, நடுவிலிருந்து விளிம்புவரை இவற்றின் அளவைக் கணக்கிட்டால், எந்த வயதுவரை அம்மீன் கழியில் இருந்தது, எப்போது கடலை அடைந்தது என்பது புலப்படும். வட ஆஸ்திரேலியக் கடலில் ஜானி மீன்களின் செவிக்கல் வளையங்களை எண்ணியபோது, அவற்றுள் சில இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவை எனத் தெரியவந்தது. அவ்வளவு நீண்டகாலம் வாழும் மீன், இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை எய்தவும் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. சென்னை உணவகத்தில் வறுக்கப்படும் பெரிய சங்கரா ஒன்று, அதனை உண்ணும் பதினோராம் வகுப்பு மாணவரைவிட மூத்ததாக இருக்கவும் வாய்ப்புண்டு.

இந்நிலையில் பழவேற்காட்டுக்குத் திரும்புவது பொருத்தம். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. கடலோடு கலக்கும் தென்முனை தமிழ்நாட்டில் உள்ளது. ஆரணியாறு, காளாங்கி, சொர்ணமுகி ஆகியன நன்னீர் கொணர்கின்றன. ஏரியின் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையின் சிதைவும் அவர்களது கல்லறைத் தோட்டமும் இன்றும் ஊரில் உள்ளன. சுற்றுலா வருவோர் கல்லறைகளைப் பார்த்துவிட்டுப் பூநாரைகளைத் தேடிச் செல்கின்றனர். நீருக்கடியில் என்ன வளர்கிறது என்று எவரும் கேட்பதில்லை; கேட்டாலும் காட்டுவதற்கு அங்கு ஒன்றும் தெளிவாகத் தெரியாது.

கழியில் மீன்பிடிக்கும் சிற்றூர்களில் 'பாடு' என்னும் முறை வழிவழியாக இருந்துவருகிறது. கட்டுவலை போடும் இடங்களை உரிமையுடைய குடும்பங்கள் குலுக்கல் முறையில் பங்கிட்டுக்கொண்டு, முறைவைத்து மாறிமாறிப் பிடிப்பதே பாடு. நல்ல இடம் ஒருவருக்கே நிலையாகப் போய்விடாதபடி முன்னோர் கண்ட ஏற்பாடு அது. கழிமுகத்தை ஒட்டிய இடங்களுக்கே மதிப்பு மிகுதி. கடலுக்கும் கழிக்கும் இடையே போய்வரும் உயிர்கள் அவ்வழியாகத்தான் செல்லும் என்பது பாடு வகுத்தவர்களுக்குத் தெரியும். செவிக்கல் ஆய்வு தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தெரியும்.

அந்தக் கழிமுகம் மணலால் தூர்கிறது. கோடையில் ஆற்றுநீர் வற்றும்போது கடலலை கொணரும் மணல் வாயிலில் திட்டாகப் படிந்து, நீர் முழங்காலளவாகக் குறையும். சில காலங்களில் வாயில் முற்றிலும் அடைபட்டும் போகும். இயற்கையின் வேலையோடு மனிதரின் வேலையும் இதில் கலந்திருக்கிறது. இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்வது. ஒரு துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர் நீட்டினால் அதன் தென்புறம் மணல் சேரும். வடபுறம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் மெரினா அகன்றதும் இராயபுரம் அரிக்கப்பட்டதும் ஒன்றரை நூற்றாண்டாகக் கண்கூடு. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் பின்னர்த் துறைமுகங்கள் தோன்றின. எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, படகோட்டும் ஆழமும் குஞ்சுகள் ஒதுங்கும் அலையாத்தி ஓரங்களும் குறைந்துபோயின. தொழிற்பேட்டைகள் தந்த வேலைவாய்ப்பு பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பை எரியவைக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் கழியின் ஒரு முழம் ஆழம் குறைவதன் விலையைத் தொழிற்கணக்கு எதிலும் எழுதுவதில்லை. அது ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, தொலைவிலுள்ள பாரில், ஏறாத தூண்டிலாக வெளிப்படுகிறது. அப்போது பாரில் மீன் குறைந்துவிட்டதென்று பாரைத்தான் ஆராய்வார்கள்.

பாருக்கும் இடர் இல்லாமலில்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே இருபத்தொரு தீவுகளைச் சூழப் பவளத்திட்டுகள் அமைந்துள்ளன. சுண்ணாம்புக்காக அங்கே நெடுங்காலம் பவளம் வெட்டியெடுக்கப்பட்டது. பூமரிச்சான், விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வெட்டுவது நின்றது. கடல்நீர் வெப்பமேறி 2016இல் பவளங்கள் வெளிறியபோது, அதைத் தடுக்கச் சட்டப்பிரிவு எதுவும் உதவவில்லை. பூங்கா என்று அறிவிக்கப்பட்ட பாருக்கு உரிய மீன்கள், எவரும் பூங்கா என்று கருதாத சேற்றுக்கழிகளில்தான் தம் இளமையைக் கழிக்கின்றன.

பிளோக் 1799இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படியை ஷ்னைடர் என்ற அறிஞர் நிறைவுசெய்து 1801இல் வெளியிட்டார். பிளோக் சேர்த்த மீன்களுள் பல இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நிறம் என்று சொல்ல அவற்றில் ஒன்றுமில்லை. செதில்களை மட்டும் இன்னும் எண்ணலாம்.

பழவேற்காட்டில் ஐப்பசியும் கார்த்திகையும் வரும்போது ஆரணியாறு பெருகும். ஏரி நிரம்பி, வாயிலில் படிந்த மணல்திட்டின் மேல் நீர் ஏறி, ஓரிடத்தில் கீறல்போல் வழி பிறக்கும். திட்டு உடைப்பெடுக்கும் இரவுகளில் கட்டுவலைக்காரர் உறங்குவதில்லை. விடிந்ததும் கழிக் கூடையில், இறாலுக்கும் மடவைக்கும் நடுவே, கரும்பொட்டு மீன் ஒன்றிரண்டு கிடக்கும். அவற்றின் கூட்டாளிகள் வலைக்கண்ணுக்குத் தப்பி அந்தக் கீறல் வழியாகக் கடலுக்குள் போயிருக்கும்.